காற்று பின்னும் சடை

போன வாரம் வாசகர் ஒருவர் ஒரு செயற்கைக்கோள் படத்தை அனுப்பியிருந்தார். பரந்த வெண்மேகப் பரப்பு. அதன் மேல் ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி. புள்ளியிலிருந்து கீழே, வலப்பக்கம் ஒன்று இடப்பக்கம் ஒன்றாக மாறி மாறிச் சுழல்கள், யாரோ சடை பின்னித் தொங்கவிட்டதுபோல. "வானிலையை மாற்றும் ரகசிய ஆயுதச் சோதனை" என்ற குறிப்போடு வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறதாம். உண்மையா என்று கேட்கிறார்.

படம் உண்மை. குறிப்பு பொய். அந்தப் புள்ளி யான் மாயென் தீவு. சடையைப் பின்னுவது வெறும் காற்று.

ஐஸ்லாந்துக்கு வடகிழக்கே சுமார் 600 கி.மீ. தொலைவில், 71 டிகிரி வட அட்சரேகையில் கிடக்கிறது இந்தத் தீவு. நார்வேக்குச் சொந்தம். நீளம் 54 கி.மீ. சொந்த ஊர் என்று சொல்லிக்கொள்ள அங்கே யாருமில்லை. வானிலை நிலையத்திலும் ராணுவத் தளத்திலுமாக முறை வைத்து வந்து தங்குபவர்கள் இருபது பேருக்கும் குறைவு. வடபாதி முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கிறது பீரன்பர்க் என்ற எரிமலை, 2,277 மீட்டர் உயரம். உடம்பெல்லாம் பனியாறு போர்த்தியிருந்தாலும் உள்ளே நெருப்பு அணையவில்லை; 1970-லும் 1985-லும் வெடித்திருக்கிறது.

இவ்வளவு வடக்கே இருந்தும் அங்கே குளிர் நாம் நினைக்கும் அளவுக்குக் கொடியதில்லை. மேற்கே கிரீன்லாந்துக் கரையோரமாக ஒரு நீரோட்டம் துருவப் பனிக்கட்டிகளைத் தெற்கே இழுத்து வருகிறது. கிழக்கே அட்லாண்டிக்கின் வெப்பம் மிச்சமிருக்கும் நீர் வடக்கே ஏறுகிறது. இரண்டுக்கும் நடுவில் தீவு. குளிர்காலத்தில் மாதச் சராசரி உறைநிலைக்குச் சில டிகிரிதான் கீழே. ஆகஸ்டிலும் 5, 6 டிகிரிக்கு மேல் போவதில்லை. கோடை முழுக்க மூடுபனி. ஆண்டு முழுக்கக் காற்று.

காற்றுக்கு வருவோம். எனக்கு அலுக்காத இடம் இது.

பனிக்கட்டிப் பரப்பின் மேல் குளிர்ந்து கிடந்த காற்று வடக்கிலிருந்து புறப்பட்டுத் திறந்த கடலுக்கு வருகிறது. அந்தக் காற்றோடு ஒப்பிட்டால் கடல் நீர் சூடு. கீழிருந்து வெப்பமும் ஈரமும் ஏறித் தட்டையான மேகப் பாய் விரிகிறது. அதற்கு மேலே இன்னொரு அடுக்கு உண்டு. உயரே போகப் போகக் குளிரும் என்று பள்ளியில் படித்தோம். இங்கே அந்த விதி கொஞ்ச தூரம் தலைகீழாகிறது. மேலடுக்கு கீழடுக்கைவிட வெப்பமானது, அதனால் லேசானது. கீழே உள்ள கனத்த காற்றை மேலே தள்ளினாலும் திரும்ப விழுந்துவிடும். பானைக்குத் தட்டு போட்டு மூடிய மாதிரி.

பீரன்பர்க் அந்தத் தட்டைத் துளைத்துக்கொண்டு நிற்கிறது. எதிரே வரும் காற்றால் மலை ஏறித் தாண்ட முடியாது. கிழக்கும் மேற்குமாகப் பிரிந்து சுற்றித்தான் போகவேண்டும்.

மலையை ஒட்டிப் போகும் காற்று உரசி வேகம் குறைகிறது. கொஞ்சம் தள்ளிப் போகும் காற்று வேகம் குறையாமல் ஓடுகிறது. விளக்குக்குத் திரி திரிக்கும்போது ஒரு கையை நிறுத்திவைத்து மறு கையை மட்டும் நகர்த்திப் பாருங்கள், பஞ்சு உருளும். அப்படித்தான் வேகக் காற்றுக்கும் மந்தக் காற்றுக்கும் நடுவே காற்று உருண்டு சுருள்கிறது. வடகாற்று வீசினால், மேலிருந்து பார்க்கும்போது கிழக்குப் பக்கத்தில் உருள்வது வலஞ்சுழி, மேற்குப் பக்கத்தில் உருள்வது இடஞ்சுழி.

இரண்டும் மலைக்குப் பின்னால் ஜோடியாக நின்றுவிடக் கூடாதா? மிக மெதுவான ஓட்டத்தில் அப்படித்தான் நிற்கும். வேகம் கூடினால் நிற்காது. ஏதோ ஒரு சின்ன அசைவில் கிழக்குச் சுழி ஒரு பங்கு பெரிதாகிறது என்று வைத்துக்கொள்வோம். அது வளர வளர, எதிர்ப்பக்கத்துக் காற்றுப் பட்டையையும் மலையின் முதுகுக்குப் பின்னால் தன்னை நோக்கி இழுக்கிறது. வருவதோ எதிர்த்திசையில் சுழலும் காற்று. அது குறுக்கே நுழைந்து, கிழக்குச் சுழிக்கு ஊட்டிக்கொண்டிருந்த பட்டையை அறுத்துவிடுகிறது. ஊட்டம் அறுந்த சுழி காற்றோடு மிதந்து போகிறது. இப்போது மேற்குச் சுழியின் முறை. அதுவும் வளரும், எதிர்ப்பக்கத்தை இழுக்கும், தானும் அறுபடும். ஒவ்வொரு சுழியையும் கத்தரிக்கும் கத்தியை அதுவே இழுத்து வருகிறது! எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

நேற்று வீட்டில் செய்து பார்த்தேன். எவர்சில்வர் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, மேலே மிளகுத்தூள் தூவி, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து நேர்க்கோட்டில் மெல்ல இழுத்தேன். முதல் இரண்டு முறை வேகம் அதிகம், எல்லாம் கலங்கிவிட்டது. மூன்றாவது முறை பென்சிலுக்குப் பின்னால் மிளகுத் துகள்கள் வலமும் இடமுமாகச் சுருண்டன.

1911-இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் ஹீமென்ட்ஸ் என்ற ஆய்வு மாணவர், ஓடும் தண்ணீரில் ஓர் உருளையை நிறுத்தி அதைச் சுற்றிய அழுத்தத்தை அளக்கப் பார்த்தார். ஓட்டம் ஆடிக்கொண்டே இருந்தது. உருளை சரியான வட்டமாக இல்லை என்றார் பேராசிரியர் பிராண்டல். ஹீமென்ட்ஸ் தேய்த்துத் தேய்த்து வட்டமாக்கினார், ஆட்டம் நிற்கவில்லை. தினமும் காலையில் நலம் விசாரித்துப்போன பிராண்டலின் உதவியாளர் தியோடர் வான் கார்மான், இது கருவியின் குற்றமாக இருக்காது என்று யோசித்துக் கணக்குப் போட்டார். எதிரெதிரே ஜோடியாக நிற்கும் சுழிகளின் வரிசை நிலைக்காது, மாறி மாறி நிற்பது மட்டுமே நிலைக்கும் என்று விடை வந்தது. அதனால் இதற்குக் கார்மான் சுழல் தெரு என்று பெயர். அவருக்கு முன்பே பிரான்சின் ஆன்றி பெனார் இதைப் படம் பிடித்திருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

காற்றில் கம்பி ஏன் பாடுகிறது என்று 1878-லேயே அளந்தவர் செக் நாட்டு இயற்பியலாளர் ஸ்ட்ரூஹால். காற்றின் வேகத்தைத் தடையின் அகலத்தால் வகுத்து 0.2 ஆல் பெருக்கினால், ஒரு நொடிக்கு எத்தனை ஜோடிச் சுழிகள் பிரிகின்றன என்று ஏறத்தாழக் கிடைக்கும். நொடிக்கு 10 மீட்டர் வேகக் காற்றில் ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள கம்பி என்றால் நொடிக்கு 200. அதுதான் மின்கம்பி முனகும் சத்தம். கம்பிக்குப் பதில் 15 கி.மீ. அகலமுள்ள மலை என்று போடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு ஜோடி.

இந்தத் தீவில் மனிதர்கள் காற்றைக் குறித்து வைப்பது புதிதல்ல. 1614-இல் வந்த டச்சு மாலுமி யான் யாக்கப்ஸ் மாய் பெயரால்தான் தீவு வழங்குகிறது. டச்சுக்காரர்கள் திமிங்கிலக் கொழுப்பை இங்கே கரையில் காய்ச்சினார்கள். 1633-இல் ஏழு பேரைக் குளிர்காலக் காவலுக்கு விட்டுப்போனார்கள். அவர்கள் காற்றையும் வானிலையையும் நாட்குறிப்பில் எழுதிவந்தார்கள். குறிப்பு 1634 ஏப்ரல் இறுதியோடு நின்றுவிடுகிறது. ஜூனில் கப்பல் வந்தபோது ஏழு பேரும் இறந்துகிடந்தார்கள்.

1882-83-இல், பல நாடுகள் சேர்ந்து துருவப் பகுதிகளை அளந்த முதல் சர்வதேசத் துருவ ஆண்டுக்காக ஆஸ்திரிய-ஹங்கேரியக் குழு ஒன்று ஓராண்டு தங்கி அளந்தது. 1921 முதல் நார்வேயின் வானிலை நிலையம் இயங்குகிறது. நடுவில் போர்க்காலத்தில் சில மாதம் தடைபட்டது. ஆளில்லாத தீவுக்கு நூறு வருடமாக ஒரு நாடு செலவழிக்கிறதே, வீணில்லையா என்று கேட்கலாம். நம் நாடு 2008-இல் நார்வேயின் ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டில் ஹிமாத்ரி ஆய்வு நிலையத்தைத் திறந்தபோதும், ஆர்க்டிக்கில் நமக்கென்ன வேலை என்று கேட்டார்கள். என் கருத்தில் இவைதான் முதலில் ஒதுக்கவேண்டிய பணம், கடைசியில் வெட்டவேண்டிய பணம். யான் மாயெனிலிருந்து வந்த புயல் எச்சரிக்கையைக் கேட்டு வலையைச் சுருட்டிக்கொண்டு கரை திரும்பிய மீனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அத்தனை பேர் அங்கே நின்று அளந்தும், சுழல் தெரு அவர்கள் கண்ணில் படவில்லை. கீழே நிற்பவர்களுக்கு அது வெறும் மூட்டமும் திசை மாறும் காற்றும்தான். 1960-களில் செயற்கைக்கோள்கள் மேலிருந்து பார்க்கத் தொடங்கிய பிறகுதான் தீவுகளுக்குப் பின்னால் நீளும் இந்தச் சடைகள் தெரியவந்தன.

இப்போதும் நிலையத்திலிருந்து கருவி கட்டிய பலூனை மேலே விடுகிறார்கள். அது மேகத்துக்குள் ஏற ஏற வெப்பநிலை குறைந்துகொண்டே வரும். மேகம் முடியும் இடத்தில், குறைந்துகொண்டிருந்த எண் சட்டென்று ஏறத் தொடங்கும். பானைத் தட்டு அங்கே இருக்கிறது.