அடாப்டேஷன்: தழுவலா, வழியா, சார்பா?

நாவல் படமாகி வந்தால் அதை 'அடாப்டேஷன்' என்கிறார்கள். காரைக்குடிக் கல்லூரிப் பிள்ளைகள் பேச்சில் இது தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. "அடாப்டேஷன்ல சொதப்பிட்டாங்க" என்பது ஃபேண்டஸி நாவல்களைப் படித்துவிட்டுத் தியேட்டருக்குப் போகிறவர்கள் வாயில் அடிக்கடி வரும் வசனம். புத்தகத்தில் ஹாரி பாட்டரின் கண் பச்சை, படத்தில் நீலம். பள்ளிக்கூடத்தையே ரகளை செய்யும் பீவ்ஸ் என்ற குறும்புப் பேய் எட்டுப் படங்களில் ஒன்றில்கூடத் தலைகாட்டவில்லை. ரிக் மேயால் என்ற நடிகர் முதல் படத்துக்காக நடித்தே கொடுத்தார்; வெட்டிவிட்டார்கள். "படத்தைப் படமாப் பாரு ஆச்சி" என்று தம்பி சொல்வான் (எங்கள் பக்கம் அக்காளும் ஆச்சிதான்). "அப்ப எதுக்குடா அந்தக் கதை பேரை வைக்கணும்?" என்று அக்காள் திருப்பிக் கேட்பாள். கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்லும் சொற்கள் தமிழில் வெகுகாலமாக இருக்கின்றன.

முதலில் வேர். லத்தீனில் 'ஆப்டஸ்' என்றால் பொருந்தியது. 'ஆப்டாரே' பொருத்துதல். முன்னால் 'அட்' சேர்ந்தால் ஒன்றுக்கு ஏற்றபடி பொருத்துதல். பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்துக்குப் போனது. வேரை மட்டும் பார்த்துத் தமிழாக்கினால் 'தகவமைப்பு' வரும். ஒட்டகம் பாலைவனத்துக்கு ஏற்றபடி அமைந்திருப்பதைப் பள்ளி அறிவியல் பாடத்தில் அப்படித்தான் சொல்கிறோம். அதை எடுத்துச் 'திரைப்படத் தகவமைப்பு' என்று எழுதுகிறவர்களும் உண்டு. வேண்டாம். கலைக்குத் 'தழுவல்' நிலைத்துவிட்டது.

தழுவுதல் அணைத்துக்கொள்வது. 'உலகம் தழீஇயது ஒட்பம்' என்ற குறளில் அது உயர்ந்தோரை நட்பாக்கிக்கொள்வது. கலித்தொகையின் முல்லைக்கலியில் ஏறு தழுவுதல். சிராவயல் மஞ்சுவிரட்டைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தழுவல் எவ்வளவு மென்மையானது என்று சொல்ல வேண்டியதில்லை. திமிலைப் பிடித்தவன் விடாமல் தொங்க வேண்டும், காளை அவனை உதறப் பார்க்கும். பெரிய நாவலைப் படமாக்க வருகிறவரின் பாடும் அதுதான்.

தமிழ் மேடையில் இந்த வேலை பழையது. பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' ஆக்கினார், வெனிஸ் வணிகனை 'வாணீபுர வணிகன்' ஆக்கினார். பெயரின் ஓசைகூட ஒட்டி வருகிறது பாருங்கள். அவருடைய 'வேதாள உலகம்' நாடகம் 1948இல் படமானது. அதை எடுத்தது ஏவி.எம். அந்த ஸ்டூடியோ அப்போது காரைக்குடி தேவகோட்டை ரஸ்தாவில் இயங்கிக்கொண்டிருந்தது. ஆக, ஃபேண்டஸியைத் திரைக்குத் தழுவுவது செட்டிநாட்டுக்குப் புதுசு இல்லை.

சரி, தழுவல் போதுமே, மேலும் சொல் எதற்கு? எனக்கு அதில் ஒரு குறை உண்டு. கதையை அப்படியே பின்பற்றும் படமும் தழுவல். ஒரு பாத்திரத்தை மட்டும் உருவிக்கொண்டு வேறு கதை சொல்லும் படமும் தழுவல். ரசிகர்கள் சண்டையில் பாதி இங்கேதான் பிறக்கிறது. பவணந்தி முனிவர் நன்னூலில் நூல்களை முதல், வழி, சார்பு என்று மூன்றாகப் பிரித்தார். வழிநூலுக்கு அவர் சொன்னது இது:

'முன்னோர் நூலின் முடிபு ஒருங்கு ஒத்துப்
பின்னோன் வேண்டும் விகற்பம் கூறி
அழியா மரபினது வழிநூல் ஆகும்.'

முடிபு ஒத்திருக்க வேண்டும். இடையில் பின்னால் வந்தவன் விரும்பிய வேறுபாடுகளைச் சேர்க்கலாம். சார்புநூலுக்கு 'புடைநூல்' என்றும் பேர். அது முன்னவர் நூல்களோடு ஓரளவு ஒத்து, மற்றபடி வேறாகப் போவது. பவணந்தி சொன்ன முடிபு கருத்து முடிவு, கிளைமாக்ஸ் இல்லை. ஆனாலும் அளவுகோல் நமக்கு உதவும்.

காரைக்குடியில் இதற்கு உதாரணம் தேட வேண்டியதே இல்லை. சா. கணேசன் 1939இல் கம்பன் கழகம் தொடங்கிய ஊர், பட்டிமன்றத்தை வளர்த்த மேடை. நாட்டரசன்கோட்டையில் கம்பர் சமாதி. அந்தக் கம்பர் பாயிரத்தில் என்ன சொல்கிறார்? வடமொழியில் இக்கதை செய்தவர் மூவர், அவர்களில் முந்தியவர் 'உரையின்படி நான் தமிழ்ப் பாவினால்' உணர்த்தினேன் என்கிறார். உரையின்படி! சொல்லிவிட்டு மிதிலையில் இராமனும் சீதையும் வில்லொடிக்கும் முன்பே பார்த்துக்கொள்ளும்படி வைக்கிறார். இராவணன் சீதையைத் தொடாமல் நிலத்தோடு பெயர்த்து எடுக்கிறான். வால்மீகியில் இல்லாத இரணியன் வதைப் படலம் ஒன்று முழுசாக நிற்கிறது. இன்றைக்கு என்றால் வால்மீகி ரசிகர்கள் சும்மா விட்டிருப்பார்களா? ஆனால் வழிநூல் இலக்கணப்படி எல்லாமே 'பின்னோன் வேண்டும் விகற்பம்'.

தொல்காப்பியம் இன்னும் நுணுக்கமாகப் போகிறது. மரபியலில் வழிநூல் நான்கு வகை: தொகுத்தல், விரித்தல், தொகைவிரி (இரண்டும் கலந்தது), மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல். இதை வைத்துக்கொண்டு ஆங்கில ஃபேண்டஸி எழுத்தாளர் டோல்கீன் கதைகளின் படங்களைப் பார்த்தால் பேச்சு தெளிவாகிறது. 'தி ஹாபிட்' 1937இல் வந்த ஒற்றை நாவல். 2012 முதல் 2014 வரை மூன்று படங்களாக இழுத்தார்கள், புத்தகத்தில் இல்லாத டாரியல் என்ற பெண்ணையும் நுழைத்தார்கள். இது விரித்தல், என் கணக்கில் தாங்காத விரித்தல். 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்கள் (2001, 2002, 2003) தொகைவிரி. நாவலில் வரும் டாம் பாம்படில் என்ற பாத்திரம் மொத்தமாகப் போனார், அது தொகை. ஹெல்ம்ஸ் டீப் போர் நாவலில் ஓர் அத்தியாயம், படத்தில் இரண்டாம் பாகத்தின் உச்சமே அதுதான். ஆர்வென் என்ற எல்ஃப் பெண்ணின் காதல் கதை நாவலில் பெரும்பாலும் பிற்சேர்க்கையில் கிடந்தது, படத்தில் முன்னால் வந்தது.

அப்புறம் முடிபு. தீய மோதிரம் அழிகிறது, அதைச் சுமந்துபோன ஃப்ரோடோ கப்பலேறிப் போகிறான், நாவல், படம் இரண்டிலும் ஒன்றே. ஆனால் நாவலில் ஃப்ரோடோவும் மற்ற மூன்று ஹாபிட்களும் (குள்ள இனத்தவர்) ஊர் திரும்பும்போது அங்கே கெட்ட மந்திரவாதி சாருமானின் ஆட்கள் கொட்டமடிக்கிறார்கள், இவர்கள் நின்று போராடி ஊரை மீட்கிறார்கள். படத்தில் ஊர் அப்படியே இருக்கிறது. நால்வரும் மதுக்கடையில் பேசாமல் உட்கார்ந்து குடிக்கிறார்கள். போர் யார் வீட்டு வாசலையும் விடாது என்பது நாவலின் பேச்சு. அதை விட்ட பிறகு முடிபு 'ஒருங்கு ஒத்தது'தானா? நான் இல்லை என்பேன். படம் பிடிக்கும், இருந்தாலும் இல்லை என்பேன். ஆஸ்கர் கொடுத்தவர்கள் மூன்றாம் படத்துக்குத் தழுவல் திரைக்கதை விருதையும் சேர்த்து 11 விருது கொடுத்தார்கள் என்று தம்பி சொல்வான். சொல்லட்டும்.

2022இல் தொடங்கிய 'தி ரிங்ஸ் ஆஃப் பவர்' தொடர் பெரும்பாலும் அதே நாவலின் பிற்சேர்க்கைக் குறிப்புகளிலிருந்து கட்டியது. அது சார்பு. அதைப் போய்ப் பக்கம் பக்கமாக நாவலோடு ஒப்பிட்டுத் திட்டுவதில் அர்த்தமில்லை.

எழுதும்போது பொதுப்பெயர் 'தழுவல்', 'தழுவல் திரைக்கதை' என்றே இருக்கட்டும். தலைப்பு அட்டையில் 'இன்ன நாவலின் வழி' என்றோ 'இன்ன நாவலைச் சார்ந்து' என்றோ பிரித்துப் போட்டால் ஆச்சி கேட்ட கேள்விக்குப் படம் தொடங்கும் முன்பே பதில் கிடைத்துவிடும். 'வழிப்படம்', 'சார்புப்படம்' என்று சொல்லிப் பார்த்தேன், நாக்கில் ஒட்டவில்லை. யாராவது புழங்கினால் எதிர்க்க மாட்டேன். தமிழில் டப் செய்து வருகிறவை தழுவலில் சேராது. அவை தொல்காப்பியரின் நான்காம் வகை, மொழிபெயர்ப்பு. 'அதர்ப்பட' என்றால் நெறிப்பட என்று பொருள். வாயசைவுக்குப் பொருந்த வேண்டுமே என்று வசனத்தை நீட்டி முறிக்கிற டப்பிங்கில் அந்த ஒரு சொல்தான் இடறுகிறது.