புகை பிடிக்காதவளின் வயிற்றுக்கும் போகிறது

மூணாறு பக்கத்துத் தேயிலை எஸ்டேட் லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், கர்ப்பிணிகளிடம் "சிகரெட் பிடிப்பீங்களா?" என்று கேட்டால் முகத்தைச் சுளிப்பார்கள். நம் பெண்களில் பெரும்பாலோர் பீடியைத் தொட்டதே இல்லை. ஆனால் கொழுந்தெடுக்கப் போகும் பலரின் இடுப்புச் சுருக்குப்பையில் வெற்றிலையோடு ஒரு துண்டு போயிலையும் இருக்கும். மசக்கையில் குமட்டினால் அதைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வார்கள். சாயங்காலம் மழைக்குக் கதவைச் சாத்திய ஒற்றை அறைக்குள் வீட்டுக்காரர் பீடி பற்றவைப்பார். இரண்டுமே வயிற்றுப் பிள்ளையைத் தொடும்.

வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளைக்கு மூச்சும் சோறும் தாயின் ரத்தம்தான். அது நஞ்சுக்கொடியில் வந்து ஆக்சிஜனையும் சத்தையும் இறக்கிவிட்டுப் போகிறது. புகையிலையில் இருக்கும் நிகோடின் கர்ப்பப்பைக்கு வரும் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. லயத்துப் பொதுக் குழாயைப் பாதி மூடினால் கடைசி வீட்டுக் குடம் நிறையாது, அப்படித்தான். நிகோடினுக்குப் புகை தேவையில்லை, கன்னத்தில் அடக்கிய போயிலையிலிருந்தும் ரத்தத்தில் கலந்துவிடும். மும்பையில் 1,217 கர்ப்பிணிகளை வைத்து நடந்து 2004-ல் வெளியான ஆய்வில், புகையில்லாப் புகையிலை போட்ட தாய்மாரின் பிள்ளைகள் சராசரியாக 105 கிராம் எடை குறைந்து பிறந்தன.

பீடிப் புகையில் கூடுதலாகக் கார்பன் மோனாக்சைடும் வருகிறது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பிடிக்கும். துண்டு போட்டு இடம் பிடித்தவர் எழுந்திருக்காத பஸ் மாதிரி ஆக்சிஜனுக்கு சீட் கிடைக்காது. தாயின் ரத்தத்தில் இருப்பதைவிடப் பிள்ளையின் ரத்தத்தில் இது அதிகமாகவே தேங்குகிறது. காற்றுப் போகாத அறையில் எரியும் விறகடுப்பும் இதே வாயுவைத்தான் விடுகிறது, அதையும் மறக்கக் கூடாது.

தாயே புகைத்தால் பிறப்பு எடை சுமார் 200 கிராம் குறையும். 200 கிராம்தானே என்று தோன்றும். 28-ம் வாரத்தில் ஒரு கிலோ அளவில் இருக்கும் பிள்ளை பிறக்கும்போது மூன்று கிலோவை ஒட்டி வர வேண்டும். ரத்தசோகையுள்ள, மெலிந்த தாய்க்கு 2.6 கிலோவில் பிறக்க வேண்டிய பிள்ளை 2.4-க்கு இறங்கினால், எடை குறைந்த குழந்தைக்கான எல்லையான 2.5 கிலோவுக்குக் கீழே போய்விடும்.

பிறந்த பிறகு நடப்பதுதான் நம்மை ஏமாற்றும். அங்கன்வாடித் தராசில் துணித்தொட்டிலில் தொங்கும் பிள்ளை முதல் ஆண்டிலேயே மளமளவென்று எடை பிடிக்கும். "தேறிட்டான்" என்று பாட்டி நிம்மதியாவார். ஆனால் உயரம் பெரும்பாலும் கொஞ்சம் பின்தங்கியே நிற்கும். கர்ப்பத்தில் புகைத்த தாய்மாரின் பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் உடல் பருமன் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. பற்றாக்குறைக்குப் பழகிய உடம்பு, கிடைத்ததையெல்லாம் கொழுப்பாகச் சேர்த்துவைக்கப் பார்க்கிறது என்பது விஞ்ஞானிகள் சொல்லும் ஒரு விளக்கம். மூச்சுக் குழாய்களும் குறுகலாக வளர்வதால் மலைக் குளிரில் சளி பிடித்தாலே நெஞ்சு இழுக்கத் தொடங்கும்.

நிறுத்தினால் பலன் உண்டு, அதுவும் சீக்கிரமே. கார்பன் மோனாக்சைடு ஒன்றிரண்டு நாளில் தாயின் ரத்தத்தைவிட்டுப் பெரும்பாலும் வெளியேறிவிடும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பெண்களை வைத்து 2009-ல் வந்த ஓர் ஆய்வில், 15-ம் வாரத்துக்குள் நிறுத்தியவர்களுக்குக் குறைப்பிரசவமும் சிறுத்த பிள்ளையும் புகைக்காதவர்கள் அளவுக்கே இருந்தன. அதற்கு மேல் நாள் தள்ளிப்போயிருந்தாலும் நிறுத்துவது வீண் இல்லை.

கேரள உயர் நீதிமன்றம் 1999-லேயே பொது இடத்தில் புகைப்பதைத் தடைசெய்தது. பஸ் ஸ்டாண்டில் பீடியை எடுக்கத் தயங்குகிறவர் லயத்துக் கதவுக்குள் தயங்குவதில்லை, அங்கே சட்டம் வராது. என் அக்கா இரண்டாவது பிள்ளை உண்டானபோது சுருக்குப்பையில் போயிலைக்குப் பதிலாக உப்பு நெல்லிக்காய் வைத்துக்கொண்டாள். அத்தான் மழையில் தலைக்குச் சாக்கைப் போட்டுக்கொண்டு, பீடியோடு கடைசி வீட்டையும் தாண்டிப் போய் நிற்பார்.