அசையாத பறவைக்குப் பயமில்லை என்று யார் சொன்னது?

"பாருங்க, இவ்வளவு கிட்ட வந்தும் அசையவே இல்லை. மனுஷங்க பழகிப்போச்சு போல!"

கடற்பறவைத் தீவுகளுக்கு ஆட்களை அழைத்துப்போகும் எனக்கு இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. போன வாரம் சொன்னவர் கயிற்றைத் தாண்டி, கைபேசியை நீட்டியபடி நின்றிருந்தார். எதிரே பாறை விளிம்பில் கில்லிமாட் என்ற கடற்பறவைகளின் கூட்டம். நான் கூப்பிட்டு முடிப்பதற்குள் இன்னும் ஓரடி வைத்தார். மொத்தக் கூட்டமும் கடலை நோக்கிப் பாய்ந்தது. கில்லிமாட் கூடு கட்டாது. வெறும் பாறையில், பாதத்தின் மேல் ஏந்தி, ஒற்றை முட்டையை அடைகாக்கும். இரண்டு முட்டைகள் உருண்டு கடலில் விழுந்தன. மூன்றாவதைக் கடற்காக்கை கொண்டுபோனது. "நான் எதையும் தொடலையே" என்றார். தொடவில்லைதான்.

அந்தப் பறவை அசையாமல் உட்கார்ந்திருந்தது உங்கள் மேல் உள்ள நம்பிக்கையால் அல்ல. எழுந்தால் முட்டை போய்விடும், அவ்வளவுதான். அடைகாக்கும் பென்குயின்களுக்கு அடியில், கருவி பொருத்திய போலி முட்டையை வைத்து இதயத்துடிப்பை அளந்திருக்கிறார்கள். வெளியே பார்த்தால் சிலை. ஆள் நெருங்கியதும் உள்ளே துடிப்பு எகிறியிருக்கிறது. கழுத்தை நீட்டுகிறதா, தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறதா, உடம்பை லேசாகத் தூக்குகிறதா? நீங்கள் ஏற்கெனவே எல்லை மீறிவிட்டீர்கள். மெதுவாகப் பின்வாங்குங்கள். பதறி ஓடவும் கூடாது.

ஃபுல்மார் என்ற கடற்பறவையின் குஞ்சு இன்னும் வெளிப்படையானது: நாற்றமெடுக்கும் எண்ணெயை வயிற்றிலிருந்து உங்கள் மேல் உமிழ்ந்துவிடும். சட்டையில் பட்டால் அந்தச் சட்டையை மறந்துவிடலாம். என்னிடம் அப்படி இரண்டு இருக்கின்றன. சிரிக்கலாம். ஆனால் அது துப்பியது, தாயும் தந்தையும் கடலில் அலைந்து கொண்டுவந்த சாப்பாடு.

மற்றதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பாதையை விட்டு இறங்காதீர்கள். 'வெறும் புல்தானே' என்று மிதிக்கிற இடத்துக்குக் கீழே பஃபின் என்ற கடற்பறவையின் வளை இருக்கும். ஆலா என்ற கடற்பறவை தலையில் கொத்தினால் படம் எடுக்க நிற்காமல் நகருங்கள். டிரோன் வேண்டவே வேண்டாம். செத்த பறவையைத் தொடாதீர்கள்; 2022-இல் பறவைக் காய்ச்சல் பரவியபோது இங்கிலாந்தின் ஃபார்ன் தீவுகளில் யாரையும் இறங்கவே விடவில்லை. படகில் ஏறுமுன் பையை முழுசாகத் திறந்து உதறுங்கள், காலணியைத் தேய்த்துக் கழுவுங்கள். நான் சோதித்தால் முறைக்காதீர்கள். தென் அட்லாண்டிக்கில் உள்ள தெற்கு ஜார்ஜியா தீவில், கப்பல்களோடு வந்து இறங்கி முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்ற எலிகளை ஒழிக்கப் பல ஆண்டுகள் பாடுபட்டு, 2018-இல்தான் எலியற்ற தீவு என்று அறிவிக்க முடிந்தது.

ஒன்றே ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். தொலைநோக்கி கொண்டுவந்து, ஓரிடத்தில் உட்காருங்கள். பஃபின் அலகு கொள்ளாத மீன்களோடு வரும். இறங்காமல் தலைக்கு மேலே திரும்பத் திரும்ப வட்டமடித்தால், அதன் வளைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது நீங்கள்தான். கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். உள்ளே குஞ்சு பசியோடு இருக்கிறது.