எடை குறைந்த ட்ரைபாட் ஏன் நடுங்குகிறது, எதைப் பார்த்து வாங்குவது

மணிமுத்தாறு அருவியிலோ பாபநாசத்து அகத்தியர் அருவியிலோ விழுகிற நீர் இழை இழையாகத் தெரியும்படி படம் எடுக்க வேண்டுமானால், ஷட்டர் கால் நொடி முதல் ஒரு நொடி வரை திறந்திருக்க வேண்டும். அவ்வளவு நேரம் கேமராவைக் கையில் அசையாமல் பிடிப்பது கடினம் என்பதால் ட்ரைபாட் தேவைப்படுகிறது. திருநெல்வேலியிலிருந்து பேருந்தில் சென்று, தோளில் பையோடு நடந்து திரிகிறவருக்கு அது ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்க வேண்டும். விலையும் சில ஆயிரம் ரூபாயோடு நின்றுவிட்டால் நல்லது. இந்த இரண்டுக்கும் பொருந்துகிற ட்ரைபாட்கள் கடைகளில் தாராளமாகவே கிடைக்கின்றன. ஆனால் பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் '8 கிலோ தாங்கும்' என்று அச்சிட்டிருப்பதை நம்பித் தேர்ந்தெடுப்பவர் பெரும்பாலும் ஏமாந்துபோகிறார்.

ஒரு கிலோ எடையுள்ள கேமராவைத் தாங்க எந்த ட்ரைபாடும் திணறுவதில்லை. தாங்கும் எடையை அளப்பதற்கு எல்லா நிறுவனங்களும் பின்பற்றும் பொதுவான முறை எதுவும் இல்லாததால், அந்த எண்ணைக் கொண்டு இரண்டு ட்ரைபாட்களை ஒப்பிடவும் இயலாது. படத்தின் தெளிவைத் தீர்மானிப்பது விறைப்பு, அதாவது லேசாகத் தள்ளினாலோ முறுக்கினாலோ ட்ரைபாட் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறது என்பதுதான். எவ்வளவு விறைப்பு வேண்டும் என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போடலாம். இன்றைய கேமராக்கள் பலவற்றின் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் 4 மைக்ரோமீட்டர் அளவில் இருக்கிறது. 200 மி.மீ. லென்ஸ் பொருத்திய அத்தகைய கேமரா, ஒரு டிகிரியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு திரும்பினாலே பிம்பம் ஒரு பிக்சல் நகர்ந்துவிடும். கேமராவின் நடுவிலிருந்து 10 செ.மீ. தள்ளியிருக்கும் ஒரு புள்ளி வெறும் 2 மைக்ரோமீட்டர் அசைவதற்கு இது சமம். தலைமுடியின் தடிமனே அதைப்போல் பல மடங்கு. 24 மி.மீ. லென்ஸுக்கு இந்தச் சலுகை எட்டு மடங்கு கூடுதல் என்பதால், அருவியை அகலமாக எடுக்கும்போது குறை சொல்ல முடியாத ட்ரைபாட், கூந்தன்குளத்தில் மஞ்சள் மூக்கு நாரையின் கூட்டை நெருக்கமாக எடுக்கும்போது காலை வாரிவிடுகிறது.

இந்த விறைப்பு எங்கிருந்து வருகிறது? கால்கள் உள்ளீடற்ற குழாய்கள். சுவரின் தடிமன் மாறாதிருந்தால், குழாயின் எடை விட்டத்துக்கு ஏற்பக் கூடுகிறது. வளையாமல் எதிர்க்கும் திறனோ விட்டத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் கூடுகிறது. ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து மடங்க வேண்டியிருப்பதால், ஒவ்வொரு கண்ணியும் (காலின் ஒவ்வொரு குழாய்த்துண்டும்) அதற்கு மேலுள்ளதைவிடச் சில மில்லிமீட்டர் மெலிந்தே இருக்கும். மேல்குழாய் 25 மி.மீ. என்றும், கண்ணிக்கு 3 மி.மீ. குறைகிறது என்றும் வைத்துக்கொண்டால், நான்காம் கண்ணி 16 மி.மீ., ஐந்தாம் கண்ணி 13 மி.மீ. ஆகிறது. அந்த ஐந்தாம் கண்ணியைவிட மேல்குழாய் ஏழு மடங்கு விறைப்பானது. ஐந்து கண்ணி ட்ரைபாட் மடித்தால் சிறிய முதுகுப்பைக்குள்ளேயே அடங்கிவிடும் என்ற வசதிக்கு நாம் கொடுக்கிற விலை இதுதான். என் கணிப்பில் நான்கு கண்ணியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

நீளமும் இதே வகையில்தான் வேலை செய்கிறது. ஒரு முனையில் பிடித்த கம்பின் மறுமுனை எவ்வளவு தாழும் என்பது நீளத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. முருங்கைக்காய் பறிக்கும் தொரட்டியை அடியில் பிடித்தால் நுனி ஆடுவதும், பாதியில் பிடித்தால் அடங்குவதும் அதனால்தான். 1.5 மீட்டர் காலை 1.2 மீட்டராகக் குறைத்தால் விறைப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகும். கடைசிக் கண்ணியை நீட்டாமல், சற்றுக் குனிந்து படமெடுக்கச் சம்மதிக்கிறவருக்குச் செலவில்லாமலே நல்ல ட்ரைபாட் கிடைத்துவிடுகிறது. கால்கள் கூடுமிடத்தில் மேலும் கீழும் நகரும் நடுத்தண்டை உயர்த்துவது இதற்கு நேர் எதிரான செயல்: மூன்று கால்களின் துணையில்லாமல் ஒற்றைக் கம்பின் உச்சியில் கேமராவை வைப்பதற்கு அதில் வேறு பொருளில்லை.

எந்த ட்ரைபாடும் தட்டினால் தனக்குரிய இயல்பு அதிர்வெண்ணில் சிறிது நேரம் ஆடிவிட்டுத்தான் ஓய்கிறது. மெலிந்த ட்ரைபாட் நொடிக்கு 10 முதல் 20 முறை ஆடுகிறது என்று கொள்வோம். ஷட்டர் ஒரு நொடியில் 500-இல் ஒரு பங்கு நேரம் மட்டுமே திறந்தால் அந்த ஆட்டம் பதிவாக நேரமில்லை. 30 நொடி திறந்திருந்தால், முதல் அரை நொடியின் ஆட்டம் மொத்த ஒளியில் மிகச் சிறிய பங்காகிவிடுகிறது. இடைப்பட்ட நேரங்கள்தாம் தொல்லை தருபவை. அருவிக்குத் தேவையான கால் நொடி சரியாக அதற்குள்தான் விழுகிறது. பொத்தானை அழுத்தும் விரல்தான் முதல் குற்றவாளி என்பதால், 2 நொடி டைமர் வைத்து எடுப்பது பாதிச் சிக்கலைத் தீர்த்துவிடும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்து, பணகுடி, ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிற காற்று இன்னொரு சோதனை. காற்றின் விசை வேகத்தின் இருபடிக்கு ஏற்பக் கூடுகிறது. மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் கேமராவின்மேல் சுமார் ஒரு நியூட்டன் விழுந்தால், 72 கி.மீ. வீச்சில் நான்கு மடங்கு விழும். கேமராவோடு சேர்ந்து 2 கிலோ எடையுள்ள ட்ரைபாட் 1.4 மீட்டர் உயரத்தில் நின்றால், அதைச் சாய்க்கத் தலைப்பகுதியில் ஏறத்தாழ 4 நியூட்டன் போதும். அதுவும் இரண்டு கால்களுக்கு இடைப்பட்ட பக்கமாகத் தள்ளினால்தான். ஒரு காலின் திசையில் தள்ளினால் அதைப்போல் இரு மடங்கு வேண்டும். மையத்திலிருந்து காலின் அடிக்கு உள்ள தூரம், இரண்டு அடிகளை இணைக்கும் கோட்டுக்கு உள்ள தூரத்தைப்போல் இரு மடங்காக இருப்பதே காரணம். எனவே காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் ஒரு கால் நிற்க வேண்டும். பையை நடுக்கொக்கியில் தொங்கவிடுவதும் உதவும், ஆனால் அதன் அடி தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றில் பை ஊசலாடி, அதுவே கேமராவை ஆட்டும்.

குறுக்குத்துறையில் தாமிரபரணிக்குள் கால்களை ஊன்றிப் படமெடுப்பவர்கள் அறிய வேண்டியது ஒன்று உண்டு. ஓடும் நீர் உருளையான காலைக் கடக்கும்போது அதன் பின்னால் இடமும் வலமுமாகச் சுழல்களை மாறி மாறி உதிர்க்கிறது. நீரின் வேகத்தைக் காலின் விட்டத்தால் வகுத்து ஐந்திலொரு பங்கு எடுத்தால் சுழல்களின் அதிர்வெண் கிடைக்கும். நொடிக்கு அரை மீட்டர் ஓட்டமும் 13 மி.மீ. காலும் என்றால் அது 8 ஹெர்ட்ஸ் அளவு. மெலிந்த ட்ரைபாடின் இயல்பு அதிர்வெண்ணுக்கு மிகப் பக்கம். ஓரடி தள்ளிப் பாறையில் ஊன்றிவிட்டால் இந்தப் பிரச்சினையே எழாது.

கார்பன் ஃபைபர் கால்கள் அலுமினியத்தைவிட எடை குறைந்தவை, அதிர்வும் அவற்றில் விரைவாக அடங்குகிறது. விலை மட்டும் எட்டாத இடத்தில் நிற்கிறது. குறைந்த செலவில் வாங்குகிறவர் தடித்த அலுமினியக் கால்களையே எடுத்துக்கொண்டு, மிச்சப் பணத்தை நல்ல பால் ஹெட்டுக்கு, அதாவது கேமராவை எந்தப் பக்கமும் திருப்பி இறுக்க உதவும் பந்து மூட்டுத் தலைக்குச் செலவிடலாம். மலிவான பால் ஹெட், இறுக்கிய பிறகும் லென்ஸின் பாரத்தில் மெல்ல இறங்கும். கடையிலேயே இதைப் பார்த்துவிடலாம்: உங்கள் கேமராவில் உங்களிடமுள்ள நீண்ட லென்ஸைப் பொருத்தி, திரையில் பிம்பத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கி, தொலைவில் உள்ள பெயர்ப்பலகை ஒன்றின் எழுத்தைச் சட்டத்தின் நடுவில் வைத்து இறுக்குங்கள். கையை எடுத்ததும் எழுத்து கீழோ மேலோ நகர்ந்தால் குறை பால் ஹெட்டில் இருக்கிறது. பிறகு ஒரு காலை விரலால் சுண்டி, எழுத்து எப்போது நிலைக்கிறது என்று கவனியுங்கள். தலையைப் பிடித்து மெல்ல முறுக்கினால், எந்தப் பூட்டு அல்லது எந்தக் கீல் விட்டுக்கொடுக்கிறது என்பது கைக்கே தெரிந்துவிடும்.

உவரி போன்ற கடற்கரைகளுக்கு அடிக்கடி செல்கிறவர் பூட்டையும் பார்த்து வாங்க வேண்டும். திருகி இறுக்கும் பூட்டுக்குள் மணல் புகுந்தால் மரை கரகரக்கத் தொடங்கும். கருவி எதுவுமில்லாமல் கையாலேயே கழற்றக்கூடியதாக இருந்தால், வீட்டுக்கு வந்ததும் கண்ணிகளைப் பிரித்து நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து மீண்டும் மாட்டிவிடலாம்.