சீனி வருத்தக்காரரின் கோப்பையில் இறைச்சியா, மரக்கறியா?

கிளிநொச்சியில் எங்கள் மாமிக்குச் சீனி வருத்தம் என்று தெரிந்த அன்றே வீட்டில் இறைச்சி நின்றுவிட்டது. "இனி நான் மரக்கறிதான் தம்பி" என்றார். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் கிளினிக் கொப்பியில் எண் கூடியிருந்தது. மாமி அழாத குறை.

ஒருநாள் மதியம் அவருடைய கோப்பையைக் கவனித்தேன். நடுவில் குவித்த சோறு. பக்கத்தில் மரவள்ளிக்கிழங்குப் பால்கறியும் உருளைக்கிழங்குப் பிரட்டலும். ஓரத்தில் ஒரு கிள்ளு வல்லாரைச் சம்பல். இறைச்சி இல்லைதான். ஆனால் கோப்பை முழுக்க மாப்பொருள்.

இரத்தத்தில் சீனியை உடனே ஏற்றுவது மாப்பொருள்தான். வாயிலும் சிறுகுடலிலும் அது குளுக்கோசாக உடைந்து இரத்தத்தில் கலக்கிறது. 100 கிராம் சோற்றில் ஏறத்தாழ 28 கிராம் மாப்பொருள் உண்டு. மரவள்ளியில் அதைவிடவும் கூட. அதே 100 கிராம் முளைக்கீரையில் 4 கிராம் அளவுதான். கோழியிறைச்சியிலும் மீனிலும் அநேகமாக எதுவுமே இல்லை. ஆக, சந்தையில் மரக்கறிக் கடையில் வாங்கினாலும் கிழங்கு சோற்றின் பக்கத்து ஆள். குத்தரிசி, குரக்கன் பிட்டு என்றாலும் அளவு அளவுதான்.

சரி, அப்படியானால் இறைச்சியை அள்ளிப் போடலாமா? அதுவும் இல்லை. இறைச்சியின் புரதம் சீனியை இறக்கும் இன்சுலினையும் தூண்டும், சீனியை ஏற்றும் குளுக்ககனையும் தூண்டும். இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பதால் இரத்தச் சீனி பெரிதாக அசையாது. பிரச்சினை கொழுப்பில் இருக்கிறது. நீரிழிவு உள்ளவருக்கு இதயநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆட்டுக் கொழுப்பும் கோழித்தோலும் அந்தச் சுமையைக் கூட்டும். முதற்பாலை அள்ளி ஊற்றிய மரக்கறிக் கறியும் இதில் சளைத்ததில்லை, தேங்காயிலும் நிறைகொழுப்புத்தானே. கொழுப்பு குறைந்த மீன்தான் என் தெரிவு. இரணைமடுக் குளத்தின் ஜிலேப்பியும் முல்லைத்தீவுக் கடல்மீனும் கிடைக்கிற ஊரில் அதற்கு என்ன குறை?

கீரையின் வேலை வேறு மாதிரி. கனகராயன் ஆற்றோரம் காடு அடர்ந்த இடத்தில் பெய்த மழை ஊறி ஊறித்தான் இரணைமடுவுக்கு வரும். வெட்டையில் பெய்தால் ஒரேயடியாகப் பாய்ந்து வரும். குடலில் நார்ப்பொருள் அந்தக் காட்டைப்போல. கீரை, பயித்தங்காய், வெண்டிக்காய், பாவற்காய் எல்லாம் சோற்றின் குளுக்கோசை மெதுவாக விடும். இன்சுலினைச் சுரந்து களைத்துப்போன சதையிக்கு ஈடுகொடுக்க நேரம் கிடைக்கும்.

எதை முதலில் சாப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். 2015இல் நியூயோர்க்கில் நீரிழிவு உள்ள 11 பேரை வைத்து ஒரு சிறிய ஆய்வு நடந்தது. ஒரு நாள் பாணும் தோடம்பழச் சாறும் முதலில், 15 நிமிடம் கழித்துக் கோழியும் மரக்கறியும். இன்னொரு நாள் அதே சாப்பாடு தலைகீழாக. கோழியும் மரக்கறியும் முதலில் சாப்பிட்ட நாளில், ஒரு மணித்தியாலத்தில் அவர்களுடைய இரத்தச் சீனி ஏறத்தாழ 37 வீதம் குறைவாக இருந்தது. முதலில் போன புரதமும் நாரும் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. 11 பேர் கொஞ்சம்தான், ஆனால் காசு செலவில்லாத வழி.

வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் அதிகம் என்பதால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்கள் இறைச்சி, மீன் அளவை மட்டுமல்ல, பொட்டாசியம் மிகுந்த கீரையின் அளவையும் வைத்தியரிடம் கேட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும். இன்சுலின் போடுபவர்களும் சில வகைக் குளிசை எடுப்பவர்களும் சோற்றைத் திடீரென்று பாதியாக்கினால் சீனி ஆபத்தாக இறங்கலாம். அதையும் முதலில் கிளினிக்கில் சொல்லுங்கள்.

மாமியும் அங்கே கேட்டுக்கொண்டுதான் சோற்றைக் குறைத்தார். இப்போது கோப்பையில் பாதி முருங்கையிலை வறையும் கத்தரிக்காயும். ஒரு துண்டு மீன், ஞாயிற்றுக்கிழமை என்றால் தோல் உரித்த கோழி. வறையும் மீனும் முடிந்தபிறகே சோற்றில் கை வைக்கிறார், ஒரு அகப்பை. மரவள்ளி அவித்த நாளில் அந்தச் சோறும் இல்லை. இரண்டு மணித்தியாலம் கழித்து விரலைக் குத்திப் பார்த்து, எண்ணைக் கொப்பியின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைக்கிறார்.