மேகத்தின் அடி ஏன் தட்டையாக இருக்கிறது?

பகலில் எழும் திரள் மேகத்தின் உச்சி பொங்கித் திரண்டிருக்கும். அடிப்பக்கமோ ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த மட்டத்தின் உயரத்தைத் தரையில் நின்றபடியே கணக்கிடலாம்.

மேலே போகப்போகக் காற்றழுத்தம் குறைவதால், சூடாகி எழும் காற்று விரிகிறது. விரிவதற்கான ஆற்றலைத் தன் வெப்பத்திலிருந்தே செலவிடுவதால் அது கிலோமீட்டருக்குச் சுமார் 9.8 டிகிரி செல்சியஸ் குளிர்கிறது. அதன் பனிநிலை, அதாவது அதிலுள்ள நீராவி நீராக மாறத் தொடங்கும் வெப்பநிலை, கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1.8 டிகிரிதான் இறங்கும். இரண்டும் சமமாகும் உயரமே மேகத்தின் அடி. தரையில் வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் உள்ள வேறுபாட்டை 125ஆல் பெருக்கினால் உயரம் மீட்டரில் கிடைக்கும். வெப்பநிலை 32, பனிநிலை 24 என்றால் சுமார் 1,000 மீட்டர். தரையிலிருந்து எழுந்த காற்றுக்கு மட்டுமே இது பொருந்தும். வேறெங்கிருந்தோ நகர்ந்து வந்த, போர்வைபோல் பரந்து கிடக்கும் படை மேகத்துக்கு இந்தக் கணக்கைப் போட்டால் விடை தவறாகத்தான் வரும்.

நீராவி நீராகும்போது ஒரு கிலோவுக்குச் சுமார் 2,500 கிலோஜூல் வெப்பம் வெளிப்படுகிறது. அதனால் மேகத்துக்குள் காற்று மெதுவாகவே குளிர்ந்து, சுற்றியுள்ள காற்றைவிட இலேசாக இருந்து, மேலும் மேலும் ஏறுகிறது. உச்சி பொங்குவது இதனால்தான்.

குளிர்ந்தால் மட்டும் போதாது, துளி உருவாகப் பற்றுக்கோடு வேண்டும். தூசே இல்லாத காற்றில் ஈரப்பதம் 100 சதவீதத்தைப் பல மடங்கு தாண்டினால்தான் துளி பிறக்கும். கடலுப்பு, சல்பேட், புகை, மண்தூசு போன்ற நுண்துகள்கள் இருந்தால் 100ஐ ஒரு சதவீதம்கூடத் தாண்ட வேண்டியதில்லை. வடிகட்டிய காற்றில் நீராவியைச் செலுத்தினால் மூடுபனி தோன்றுவதில்லை என்பதை ஸ்காட்லாந்தின் ஜான் எய்ட்கன் 1880களிலேயே காட்டிவிட்டார்.

மேகம் என்பது நீராவி என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். அது பிழை, நீராவி கண்ணுக்குத் தெரியாது. நாம் பார்ப்பது நீர்த்துளிகளையும் பனிப்படிகங்களையும். ஒரு துளியின் விட்டம் சுமார் 20 மைக்ரோமீட்டர். அது விழும் வேகம் நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே என்பதால், மென்மையான மேலெழும் காற்றே அதைத் தாங்கிவிடும். ஒரு கன கிலோமீட்டர் மேகத்தில், கன மீட்டருக்கு அரை கிராம் என்று வைத்தாலும், 500 டன் நீர் இருக்கும். அதே இடத்திலுள்ள காற்றின் நிறையோ ஏறத்தாழ பத்து லட்சம் டன்.

2 மில்லிமீட்டர் மழைத்துளி ஒன்றுக்கு இத்தகைய பத்து லட்சம் துளிகள் சேர வேண்டும். நீராவி படிவதால் மட்டும் அந்த அளவை எட்டக் காலம் போதாது. வெப்பமான மேகங்களில் பெரிய துளிகள் சிறியவற்றை மோதி விழுங்கி வளர்கின்றன. குளிர்ந்த மேகங்களில் வழி வேறு. சுத்தமான நுண்துளிகள் மைனஸ் 38 டிகிரி வரைகூட உறையாமல் இருக்கலாம். அவற்றிடையே ஒரு பனிப்படிகம் தோன்றினால், துளிகள் ஆவியாக, அந்த ஆவியைப் பிடித்துப் படிகம் விரைவாக வளரும். கனத்து இறங்கும்போது உருகி மழையாகும்.

துகள்கள் மிகுந்தால் மழை கூடும் என்று எண்ணத் தோன்றும். பெரும்பாலும் நடப்பது வேறு. தூய கடற்காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 100 துளிகள் இருந்தால், மாசுபட்ட காற்றில் அது ஆயிரத்தையும் தொடலாம். அதே நீர் அதிகத் துளிகளுக்குப் பங்காவதால் ஒவ்வொன்றும் சிறுத்து, மோதிச் சேர முடியாமல் போகிறது. ஆழமற்ற வெப்பமான மேகங்களில், மழை தொடங்கும் முன்பே பல துளிகள் மீண்டும் ஆவியாகிவிடுகின்றன.