முன்னால் ஓர் அளவு, பின்னால் ஓர் அளவு: டயர் வாங்கும் முன் கார் கதவைத் திறந்து பாருங்கள்

காவேரிப்பட்டணம் பக்கத்தில், தேசிய நெடுஞ்சாலை 44-ஐ ஒட்டி டயர் கடை வைத்திருக்கிறேன். அலைன்மென்ட், பேலன்சிங், பஞ்சர் எல்லாம் உண்டு. லாரி டயர் கழற்றிப் பழகிய கை. இப்போது ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் பெங்களூரிலிருந்து ஏற்காட்டுக்கும் கொல்லிமலைக்கும் போகிற ஸ்போர்ட்ஸ் கார்கள் எங்கள் கடை வாசலைத் தாண்டித்தான் போகின்றன. அவற்றில் சில கடைக்குள்ளும் வருகின்றன. அப்படி வந்த ஒரு காரைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும்.

போர்ஷே 718 கேமன். பாலக்கோட்டுப் பையன், பெங்களூரில் வேலை. பல வருடம் பணம் சேர்த்து செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தார். முந்தின நாள் மாலை தூறலில் தொப்பூர் இறக்கத்தில், இரட்டைப் பாலத்துக்குச் சற்று முன்னால், காரின் பின்பக்கம் ஒரு முறை வழுக்கி விலகியிருக்கிறது. எதிலும் இடிக்கவில்லை. ஆனால் மனிதர் முகத்தில் அந்தப் பயம் மறுநாளும் இருந்தது. “அண்ணா, நான் வேகமா போகலை. அறுபதுதான் இருக்கும். அலைன்மென்ட் மட்டும் பாத்துக் குடுங்க” என்றார்.

குனிந்து டயரைப் பார்த்தேன். நான்கிலும் 245/40 ஆர்18. ஒரே கம்பெனி, ஒரே அளவு. “நாலும் ஒரே மாதிரி இருந்தா மாத்தி மாத்திப் போட்டு ஓட்டலாம்னு பழைய ஓனர் சொன்னார்ணா. புதுசாவே மாத்திக் குடுத்தார்” என்றார் பெருமையாக. டிரைவர் பக்கக் கதவைத் திறக்கச் சொன்னேன். கதவு மூடும் இடத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. 18 அங்குல ரிம்முக்கு முன்னால் 235/45, பின்னால் 265/45 என்று அதில் தெளிவாக அச்சடித்திருந்தது. கார் வாங்கி ஏழு மாதத்தில் தினமும் அந்தக் கதவைத் திறந்து மூடியவர், அந்த ஸ்டிக்கரை ஒரு நாளும் படித்ததில்லை.

இந்த எண்களை எப்படிப் படிப்பது என்று ஒரு முறை தெரிந்துகொண்டால் போதும். 265 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 45 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு டயரின் பக்கச்சுவர் உயரம் என்பது. 265-இல் 45 சதவீதம், 119 மி.மீ. கடைசி 18 ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஓர் அங்குலம் 25.4 மி.மீ. ஆகவே ரிம் 457 மி.மீ., மேலும் கீழுமாகப் பக்கச்சுவர் இரண்டு. கூட்டினால் அந்தக் காரின் பின் டயர் உயரம் சுமார் 696 மி.மீ. இதே கணக்கில் முன் டயர் சுமார் 669. அதாவது கார் செய்தவர்களே பின் சக்கரத்தை முன் சக்கரத்தைவிட 27 மி.மீ. உயரமாக வைத்திருக்கிறார்கள். இவர் காரில் இருந்த 245/40 நான்கும் 653 மி.மீ.தான். முன்னால் 16 மி.மீ. குறைந்தது, பின்னால் 43 மி.மீ. குறைந்தது.

இதில் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ்., வழுக்கலைத் தடுக்கும் கருவி இரண்டுமே நான்கு சக்கரமும் எத்தனை வேகத்தில் சுற்றுகின்றன என்பதைப் பார்த்துத்தான் முடிவெடுக்கின்றன. நேர் ரோட்டில் போகும்போது பின் சக்கரம் முன் சக்கரத்தைவிடச் சுமார் 4 சதவீதம் மெதுவாகச் சுற்றும் என்று அந்தக் காரின் மூளைக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். நான்கும் ஒரே உயரம் ஆனதும் பின் சக்கரம் வேகமாகச் சுற்றுகிறது. வழுக்கிச் சுழல்கிறதோ என்று கார் சந்தேகப்பட இடம் கொடுத்துவிட்டோம். மீட்டரில் எச்சரிக்கை விளக்கு எரிகிறதா என்று கேட்டேன். “அது எப்பவாவது வரும்ணா, ஆஃப் பண்ணி ஆன் பண்ணா போயிடும்” என்றார். ஏழு மாதமாகக் கார் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

அகலம் இன்னொரு கதை. கேமனுக்கு என்ஜின் சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. பாரம் பின்பக்கம் கூடுதல், என்ஜின் தள்ளுவதும் பின் சக்கரத்தைத்தான். அதனால்தான் பின்னால் 265. போர்ஷே 911-இல் என்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் இருக்கிறது. அங்கே இன்னும் ஒரு படி மேல். இப்போதைய 911 கரேராவுக்கு (992 என்பது அந்தத் தலைமுறையின் எண்) முன்னால் 235/40, 19 அங்குலம்; பின்னால் 295/35, 20 அங்குலம். ரிம்மே வேறு வேறு. முன்னால் போடும் டயரைப் பின்னால் ஏற்றவே முடியாது, ஆகையால் அங்கே யாரும் இந்தத் தவறைச் செய்ய வழியில்லை. இரண்டும் 18 அங்குலமாக இருக்கிற கார்களில்தான் ஆபத்து. ஏற்றினால் ஏறிவிடும்.

அப்புறம் பாரம். அளவுக்குப் பக்கத்தில் 101 ஒய், 93 டபிள்யூ என்று ஒன்று இருக்கும். 101 என்றால் அந்த ஒரு டயர் 825 கிலோ தாங்கும். 93 என்றால் 650 கிலோ. எழுத்து, எந்த வேகம் வரை தாங்கும் என்பது: எச் 210, வி 240, டபிள்யூ 270, ஒய் 300 கிலோமீட்டர். நம் ஊர் நெடுஞ்சாலையில் நூறுக்கு மேல் போகக்கூடாது, பிறகு எதற்கு ஒய் என்று சில கடைக்காரர்களே கேட்கிறார்கள். அந்த எழுத்து வேகத்துக்கு மட்டும் இல்லை, சூட்டைத் தாங்கும் திறனுக்கும் சேர்த்துத்தான். மே மாதம் மதியம் ஒரு மணிக்குச் சூளகிரியிலிருந்து கிருஷ்ணகிரி வரை ஓட்டி வந்த காரின் டயரைத் தொட்டுப் பாருங்கள், புரியும். அந்தச் சூட்டில் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுக் காற்று கூடுதலாக இருக்கிறது என்று இறக்கி விடுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். ஸ்டிக்கரில் உள்ள கணக்கு, வண்டி நின்று ஆறிய டயருக்கு உரியது. சூட்டில் இறக்கினால் ராத்திரி ஆறிய பிறகு காற்று குறைவாகத்தான் இருக்கும். குறைந்த காற்றுதான் டயரை உள்ளிருந்து சூடாக்கிக் கிழிக்கும்.

சரி, கழற்றலாம் என்று போனால் அடுத்த சிக்கல். ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு போல்ட்டின் தலை மட்டும் வேறு மாதிரி. திருட்டுக்குப் பயந்து கம்பெனியே போடுவது. அதற்கென்று தனிச் சாவி, விரல் அளவில் ஒரு சாக்கெட், காருக்குள் எங்காவது இருக்கும். அந்தக் காரில் முன் டிக்கியில் டூல் பைக்குள் இருந்தது. கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது. தம்பிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அது தொலைந்திருந்தால் போல்ட்டை வெட்டித்தான் எடுக்க வேண்டும், ரிம்மில் கீறல் விழாமல் அதைச் செய்வது சுலபமில்லை. எங்கள் பையன்களுக்கும் ஒன்று சொல்வேன்: அந்தச் சாவியை ஏர் கன்னில் மாட்டாதே, பல் போய்விடும். கையால் கழற்று, முடுக்கும்போது டார்க் ரெஞ்ச் (முறுக்கின் அளவு காட்டும் ஸ்பேனர்) வை.

ஸ்டெப்னி தேடுகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரோட்டில் பஞ்சராகி நின்று, முன்னாலும் பின்னாலும் டிக்கியைத் திறந்து பார்த்து, ஸ்டெப்னி இல்லை என்று அப்போதுதான் தெரிந்துகொண்டு போன் செய்கிறார்கள். இந்த வகைக் கார்கள் பலவற்றில் ஸ்டெப்னி கிடையாது. ஒரு பாட்டில் பசையும் சின்னக் கம்ப்ரெஸரும் இருக்கும். வால்வு வழியாகப் பசையை ஏற்றி, காற்று அடித்து, மெதுவாகப் பக்கத்துக் கடை வரை வரலாம். ஆணி குத்திய சின்ன ஓட்டைக்கு மட்டும்தான் அது. பக்கச்சுவர் கிழிந்தால் பயன் இல்லை. அந்தப் பாட்டிலுக்குக் காலாவதித் தேதி உண்டு. அன்று வந்த காரில் அது முடிந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. பசை போட்டு வந்தால் கடைக்காரரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். உள்ளே சக்கரத்தோடு காற்றளவு பார்க்கும் சென்சார் இருக்கிறது, பசையைத் துடைத்து எடுக்க வேண்டும். அந்த சென்சார் வால்வுக்கு அடியில்தான் இருக்கும். தெரியாமல் மெஷினில் டயரை நெம்பினால் உடைந்துவிடும்.

பேட்டரி இறங்கிவிட்டால் இன்னொரு கூத்து நடக்கும். 911 மாதிரி கார்களில் பேட்டரி முன் டிக்கிக்குள். டிக்கி திறப்பது கரண்டில். பேட்டரி செத்தால் டிக்கி திறக்காது, டிக்கி திறக்காமல் பேட்டரியைத் தொட முடியாது. இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். முன் சீட்டின் காலடியில் ஃபியூஸ் பெட்டி இருக்கும். அதில் வெளியே இழுக்கிற மாதிரி ஒரு பிளஸ் முனை. வேறு பேட்டரியிலிருந்து அதற்குக் கரண்ட் கொடுத்தால் டிக்கி திறந்துவிடும். எந்த இடத்தில் எப்படிக் கொடுப்பது என்பது காரின் கையேட்டில் படத்தோடு இருக்கிறது. ரிமோட் சாவிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவி, பம்பரில் சின்ன மூடிக்குப் பின்னால் கட்டி இழுக்கும் கொக்கியை மாட்டும் துளை, இவையும் அப்படியே. மூக்கைத் தூக்கும் பட்டன் சில மாடல்களில் உண்டு. நம் ஊர் வேகத்தடைகளுக்கு அதைவிட உதவி வேறு இல்லை. ஒருவர் இரண்டு வருடம் முன் பம்பரைத் தேய்த்துத் தேய்த்து ஓட்டிவிட்டு, எங்கள் கடையில்தான் அந்தப் பட்டனைத் தெரிந்துகொண்டார்.

ஸ்போர்ட்ஸ் கார் யாரோ பத்துப் பேருக்கு, நமக்கென்ன என்று தர்மபுரி வாசகர்கள் நினைக்க வேண்டாம். ஸ்விஃப்டை எடுத்துக்கொள்ளுங்கள். கீழ் மாடலுக்கு 165/80 ஆர்14, மேல் மாடலுக்கு 185/65 ஆர்15 கொடுத்தார்கள். ரிம்மும் அகலமும் மாறியும், கணக்குப் போட்டால் இரண்டின் உயரமும் 620, 621. ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அந்த உயரத்தைக் காப்பாற்றத்தான் அவ்வளவு கவனம். அதே காருக்குக் கம்பீரமாக இருக்கட்டும் என்று 205/65 ஆர்15 போட்டு வருகிறார்கள். அது 647 மி.மீ. மீட்டர் நூறு காட்டும்போது வண்டி 104-க்குப் பக்கத்தில் போகிறது. ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பினால் டயர் மட்கார்டில் உரசலாம். பிரேக் பிடிக்கப் பெரிய சக்கரம் கூடுதல் பலம் கேட்கும். தொப்பூர் இறக்கத்தில் லாரிகள் பிரேக் இல்லாமல் வருவதைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்கள் நாம்.

கேமன் தம்பிக்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று சரியான அளவைச் சொல்லி, பக்கச்சுவரில் ‘N’ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் உள்ளதாகக் கேட்டு வாங்கினோம். போர்ஷே கம்பெனி சோதித்து ஒப்புக்கொண்ட டயர் என்பதற்கான அடையாளம் அது. வர நான்கு நாள் ஆனது. அதுவரை கார் கடையிலேயே நின்றது. அவர் பஸ்ஸில் போனார். டயர் வந்ததும் நான் முதலில் பார்த்தது பக்கச்சுவரின் கடைசி நான்கு எண்களை. 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம் செய்தது. ஓடாமல் நிற்கிற கார்களில் டயரின் பட்டன், அதாவது ரோட்டைப் பிடிக்கும் மேடு, புதிதாகத் தெரியும், ரப்பர் கிழமாகியிருக்கும். அந்த எண்ணைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

நீங்கள் டயர் கடைக்குப் போன் செய்யும் முன் மூன்று படம் எடுத்து அனுப்புங்கள்: கதவு ஓரத்து ஸ்டிக்கர், முன் டயரின் பக்கச்சுவர், பின் டயரின் பக்கச்சுவர். முன் டயரை மட்டும் எடுத்து அனுப்பிவிட்டு “இதே நாலு வேணும்” என்று சொல்கிறவர்கள்தான் இன்றும் அதிகம். அப்படி வந்தால் பின் டயரின் படம் வரும்வரை நான் விலை சொல்வதில்லை.